ஆஸ்திரியாவில் வாரிசுச் சண்டை... திண்டுக்கல் வரை போர் வந்தது ஏன்?

சாணார்பட்டியில் இருந்து ஒரு பக்கம் போனால் திண்டுக்கல். இன்னொரு பக்கம் போனால் நத்தம். பஸ்ஸில் ஏறினால் முழுச் சாலையையும் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். 1755-ல் இந்தச் சாலையின் இரண்டு முனைகளிலும் நடந்ததைச் சேர்த்துப் பார்த்தால், ஐரோப்பாவின் ஒரு பெரும் போருக்கான காரணங்கள் நம்ம ஊரிலேயே கிடைக்கும்.

அந்த ஆண்டுதான் மைசூர் அரசு, ஹைதர் அலியைத் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக, அதாவது படையும் வரிவசூலும் கையில் உள்ள அதிகாரியாக நியமித்தது. மலைக்கோட்டையில் உட்கார்ந்த அவர், பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு பீரங்கிப் படையையும் ஆயுதக் கிடங்கையும் உருவாக்கினார். அதே ஆண்டு மே மாதம், மதுரை, நெல்லைச் சீமைகளில் வரி வசூலித்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆங்கிலேயக் கம்பெனிப் படையை நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்துத் தாக்கினார்கள்.

ஒரு முனையில் பிரெஞ்சு பீரங்கித் தொழில்நுட்பம், இன்னொரு முனையில் ஆங்கிலேயப் படை. லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையிலான பகை, சிறுமலை அடிவாரம் வரை எப்படி வந்தது?

எந்தப் போரைப் பற்றிப் பேசுகிறோம்?

இரண்டு போர்கள். முதலாவது, ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் (1740–48). இரண்டாவது, ஏழாண்டுப் போர் (1756–63). பிரிட்டன், பிரான்ஸ், பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா என்று அன்றைய வல்லரசுகள் எல்லாமே ஏழாண்டுப் போரில் இறங்கின. ஐரோப்பா, வட அமெரிக்கா, கரீபியன் தீவுகள், மேற்கு ஆப்பிரிக்கா, இந்தியா, பிலிப்பைன்ஸ் என்று சண்டை பரவியது. 1914-க்கு முன்பே நடந்த உலகப் போர் என்று இதைச் சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

நம்ம பள்ளிப் பாடத்தில் வரும் ‘கர்நாடகப் போர்கள்’ இவற்றோடு பின்னிப் பிணைந்தவை. முதல் கர்நாடகப் போர் (1746–48) ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரின் இந்தியப் பதிப்பு. மூன்றாவது கர்நாடகப் போர் (1758–63 வாக்கில்) ஏழாண்டுப் போரின் இந்தியப் பதிப்பு. நடுவில் உள்ள இரண்டாவது போர் (1749–54) மட்டும் விசித்திரமானது. அதற்குப் பின்னால் வருவோம்.

தீப்பொறி வேறு, விறகு வேறு

போருக்கான காரணத்தைத் தேடும்போது இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எதனால் பற்றியது என்பது ஒன்று. பற்றிக்கொள்ள அங்கே ஏற்கெனவே என்ன குவிந்திருந்தது என்பது மற்றொன்று.

தீப்பொறி எளிமையானது. 1740 அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஆறாம் சார்லஸ் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. மகள் மரியா தெரசாவின் உரிமையை ஒப்புக்கொள்வதாக வல்லரசுகள் பலவும் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தன. ஆனால் அவர் இறந்து இரண்டு மாதம் முடிவதற்குள், பிரஷ்யாவின் இரண்டாம் பிரெடரிக் படையோடு சைலீசியாவுக்குள் நுழைந்துவிட்டார். வளமான மாகாணம் அது. பிரான்ஸ் பிரஷ்யா பக்கம் போனது, பிரிட்டன் ஆஸ்திரியா பக்கம் நின்றது. 1744-ல் பிரிட்டனும் பிரான்ஸும் நேரடியாகவே போர் அறிவித்துக்கொண்டன.

ஒரு பெண்ணின் வாரிசு உரிமைக்காகவா அடையாற்றங்கரையில் ஆட்கள் செத்தார்கள்? இல்லை. விறகு நான்கு இடங்களில் குவிந்திருந்தது.

முதல் விறகு: யாரும் பெரிய ஆள் ஆகிவிடக் கூடாது

அன்றைய ஐரோப்பிய அரசுகளின் வெளியுறவுக் கொள்கை ‘அதிகாரச் சமநிலை’ என்ற கணக்கில் ஓடியது. ஒரு நாடு ரொம்ப வளர்ந்தால் மற்றவை சேர்ந்து அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அடுத்தவன் ஒரு அடி எடுத்து வைத்தாலே அது நம்மீதான மிரட்டலாகத் தெரியும். தற்காப்புக்கு நான் படை சேர்த்தால், அதைப் பார்த்து நீ படை சேர்ப்பாய். இருவருக்கும் பாதுகாப்பு கூடாது, பயம் மட்டும்தான் கூடும்.

இந்தக் கூட்டணிகளுக்குக் கொள்கை கிடையாது என்பதற்கு 1756 சாட்சி. அந்த ஆண்டு எல்லாம் தலைகீழானது. இரு நூற்றாண்டுக்கு மேல் எதிரிகளாக இருந்த பிரான்ஸும் ஆஸ்திரியாவும் கைகோத்தன. முன்பு ஆஸ்திரியாவின் நண்பனாக இருந்த பிரிட்டன், பிரஷ்யாவோடு ஒப்பந்தம் போட்டது. அணிகள் கலைந்து மாறின. பிரிட்டன் – பிரான்ஸ் பகை மட்டும் மாறவில்லை. அப்படியானால் அந்தப் பகைக்கு வாரிசுச் சண்டை காரணமாக இருந்திருக்க முடியாது.

இரண்டாவது விறகு: சர்க்கரை, மீன், துணி

அந்தப் பகையின் அடியில் இருந்தது வியாபாரம். கரீபியன் தீவுகளின் சர்க்கரை, வட அமெரிக்காவின் தோலும் மீனும், ஆப்பிரிக்காவின் அடிமை வணிகம், சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி எல்லாம் ஒன்றோடொன்று கோத்த ஒரே சங்கிலி. நம்ம பக்கத்துத் தறிகளில் நெய்த துணி லண்டன், பாரிஸ் சந்தைகளுக்குப் போனது. இந்தியத் துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களையே வாங்கினார்கள். அந்த மனிதர்கள்தான் சர்க்கரைத் தோட்டங்களில் உழைத்தார்கள்.

இந்த வியாபாரத்தை அரசிடம் ஏகபோக உரிமை பெற்ற கம்பெனிகள் நடத்தின. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1600-ல் பிறந்தது. பிரெஞ்சுக் கம்பெனி 1664-ல். ஒன்றின் தலைமையிடம் சென்னை ஜார்ஜ் கோட்டை, மற்றொன்றுக்குப் புதுச்சேரி. நடுவில் ஒன்றரை நூறு கிலோமீட்டர்தான்.

உலக வியாபாரம் என்பது அளவு மாறாத ஒரு தட்டுச் சோறு, அடுத்தவன் ஒரு கவளம் கூட எடுத்தால் எனக்கு ஒரு கவளம் குறையும் என்பதுதான் அன்றைய பொருளாதார நம்பிக்கை. அப்படி நம்புகிறவர்களுக்குப் போட்டியும் போரும் வேறுவேறு அல்ல.

வேடிக்கை என்னவென்றால், இங்கே இருந்த வியாபாரிகள் முதலில் போரை விரும்பவில்லை. ஐரோப்பாவில் போர் மூண்டபோது, இந்தியாவில் நாம் சும்மா இருப்போம் என்ற யோசனையை முன்வைத்தவர் புதுச்சேரி கவர்னர் டூப்ளே. ஆற்காடு நவாப் அன்வருதீனும், என் எல்லைக்குள் சண்டை கூடாது என்றார். ஆனால் பிரிட்டிஷ் அரசின் கடற்படை கம்பெனியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதல்ல. அது பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தொடங்கியது. பதிலடியாக 1746 செப்டம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது.

மூன்றாவது விறகு: கடன் வாங்கும் திறமை

இதைப் பலர் கவனிப்பதில்லை. போருக்குத் தேவை வீரம் மட்டுமல்ல, ஃபண்டிங்கும்தான்.

1694-ல் இங்கிலாந்து வங்கி தொடங்கப்பட்டது. வரிக்கும் கடனுக்கும் நாடாளுமன்றம் பொறுப்பேற்றதால், அரசுக்குக் கடன் கொடுத்தால் வட்டி ஒழுங்காக வரும் என்று மக்கள் நம்பினார்கள். நம்பிக்கை இருந்ததால் வட்டி குறைவு. வட்டி குறைவாக இருந்ததால் நிறையக் கடன் வாங்க முடிந்தது. அந்தப் பணம் போர்க்கப்பல்களாக மாறியது. பிரான்ஸ் மக்கள்தொகையில் பெரிய நாடு. ஆனால் பிரபுக்களுக்கும் மதகுருமார்களுக்கும் வரிச்சலுகை, மன்னரின் கடனுக்கு அதிக வட்டி.

குறைந்த வட்டிக்கு லோன் கிடைக்கிறவன் தேவைக்கு மேல் செலவு செய்வது வீட்டுக் கணக்கில் மட்டுமல்ல, நாட்டுக் கணக்கிலும் நடக்கும். ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது.

நான்காவது விறகு: இங்கே இருந்த வெற்றிடம்

மூன்று விறகும் ஐரோப்பாவில் விளைந்தவை. நான்காவது நம்ம மண்ணில் விளைந்தது.

1707-ல் அவுரங்கசீப் இறந்த பிறகு முகலாயப் பேரரசு பெயரளவில் சுருங்கிக்கொண்டே போனது. மதுரை நாயக்கர் ஆட்சி 1730களில் சந்தா சாகிபின் கையில் முடிந்தது. 1740-ல் மராத்தியர்கள் படையெடுத்து வந்து ஆற்காடு நவாபையே போரில் கொன்றார்கள். அடுத்த ஆண்டு திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைச் சிறைபிடித்துக் கொண்டுபோனார்கள். இந்தக் கலவரத்துக்கு நடுவில்தான் திண்டுக்கல் கோட்டை மைசூர் கைக்குப் போனது. 1748-ல் ஹைதராபாத் நிஜாம் இறந்ததும் அங்கேயும் வாரிசுச் சண்டை.

ஆஸ்திரியாவில் என்ன நடந்ததோ அதுவேதான் ஹைதராபாத்திலும் ஆற்காட்டிலும் நடந்தது. நாற்காலி ஒன்று, உரிமை கோருபவர் இருவர், இருவருக்கும் படை தேவை.

அந்தப் படை யாரிடம் இருக்கிறது என்பதை 1746-ல் அடையாற்றங்கரை காட்டிவிட்டது. சென்னையைக் கேட்டு வந்த நவாபின் சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட படையை, சுமார் ஆயிரம் பேர் கொண்ட பிரெஞ்சுப் படை விரட்டியது. அந்த ஆயிரத்தில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள்தான். ஆகவே தோல்நிறம் காரணமல்ல. வரிசை கலையாமல் நின்று, மாறிமாறிச் சுடும் பயிற்சியும், மாதச் சம்பளமும்தான் காரணம்.

அதுவரை துணி விற்ற கம்பெனிகளிடம் இப்போது விற்பதற்குப் புதுச் சரக்கு இருந்தது: படை. வாங்குவதற்கு நவாப்களும் தயாராக இருந்தார்கள்.

மன்னர்கள் சமாதானம், கம்பெனிகள் சண்டை

1748-ல் ஐரோப்பாவில் சமாதானம் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பதிலுக்குக் கனடாவில் லூயிஸ்பர்க் கோட்டை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும் என்பது உடன்பாடு. சென்னையின் தலையெழுத்து கனடாவின் மீன்பிடிக் கரையோடு பண்டமாற்று ஆனது. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் இங்கே சண்டை நிற்கவில்லை. சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், அன்வருதீனின் மகன் முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். ஆம்பூர், ஆற்காடு, திருச்சி, ஸ்ரீரங்கம் என்று 1749 முதல் 1754 வரை மோதல். ஐரோப்பாவில் இரு நாடுகளும் அப்போது அதிகாரபூர்வமாக நட்பு நாடுகள்!

இந்த இடம் முக்கியம். போர் முழுக்க முழுக்க ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானது என்றால், 1748-லேயே அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால், இங்கேயே அதற்கு ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அந்த எஞ்சின் நிலவரி. வியாபார லாபத்தை வைத்து ஒரு படையைப் பராமரிக்க முடியாது. உள்ளூர் அரசனை ஏற்றிவிட்டு, அவன் தரும் வரிவருவாயில் படைச்செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது டூப்ளேயின் திட்டம். அவர் 1754-ல் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தத் திட்டத்தைக் கடைசிவரை நடத்தி லாபம் பார்த்தவர்கள் ஆங்கிலேயர்கள்.

பில் நத்தத்துக்கு வந்தது எப்படி?

முகமது அலி ஜெயித்தார். ஆனால் ஜெயித்துக் கொடுத்த கம்பெனிக்குப் படைச்செலவு பாக்கி. கையில் பணம் இல்லாத நவாப், தெற்குச் சீமையில் எனக்கு வரவேண்டிய வரி இருக்கிறது, வாருங்கள் வசூலிக்கலாம் என்றார். 1755 தொடக்கத்தில் கர்னல் ஹெரான் தலைமையில் படை மதுரை நோக்கிக் கிளம்பியது. சிப்பாய்களுக்குத் தலைமை யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று சொல்லும் அதே ஆள்.

பாளையக்காரர்களுக்கும் கிராமங்களுக்கும் இந்த நவாப் யார் என்பதே கேள்வி. அவர் வாங்கிய கடனை நாங்கள் ஏன் அடைக்க வேண்டும்? வசூல் பல இடங்களில் கொள்ளையாகவே நடந்தது. மதுரை அருகே கோவில்குடி கோயிலில் இருந்த சாமி சிலைகளையும் படை எடுத்துக்கொண்டது. திரும்பும் வழியில், நத்தம் கணவாயின் அடர்ந்த காட்டில் கள்ளர்கள் படையின் பின்பகுதியைத் தாக்கி, அந்தச் சிலைகளை மீட்டார்கள். சென்னைக்குத் திரும்பிய ஹெரான் ராணுவ விசாரணையைச் சந்தித்து, பதவியிழந்தார்.

சாலையின் மறுமுனையான திண்டுக்கல்லிலும் இதே கதைதான், ஆனால் எதிர்ப்பக்கத்தில் இருந்து. திருச்சிப் போரில் முகமது அலிக்கு உதவினால் திருச்சியையே தருவதாக மைசூருக்கு வாக்கு கொடுக்கப்பட்டிருந்தது. வாக்கு காற்றில் போனது. ஏமாந்த மைசூர், பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. திருச்சிப் போர்க்களத்தில் இருந்த ஹைதர் அலி, ஐரோப்பியப் படைகள் எப்படி இயங்குகின்றன என்று பக்கத்தில் நின்று பார்த்தவர். பார்த்ததை நடைமுறைக்குக் கொண்டுவரக் கிடைத்த முதல் இடம் திண்டுக்கல். ஆறு ஆண்டுகளில் மைசூர் ஆட்சியே அவர் கைக்கு வந்தது.

1756: பழைய விறகு, புதுத் தீப்பொறி

இந்த முறை தீப்பொறி அமெரிக்காவில். ஓஹியோ பள்ளத்தாக்கு யாருக்கு என்ற தகராறில், 1754 மே மாதம் ஒரு சிறு பிரெஞ்சுக் குழுவை பிரிட்டிஷ் தரப்புப் படை தாக்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன். இரண்டு ஆண்டுகளில் அது முழுப் போராகி, சைலீசியாவைத் திரும்பப் பெறத் துடித்த ஆஸ்திரியாவின் கணக்கோடு சேர்ந்துகொண்டது.

1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி புதுச்சேரியில் வந்து இறங்கினார். கடலூரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். சென்னையை முற்றுகையிட்டார். ஆனால் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்ததும் 1759 பிப்ரவரியில் பின்வாங்க வேண்டியதாயிற்று. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோல்வி. 1761 ஜனவரியில் பட்டினியால் வாடிய புதுச்சேரி சரணடைந்தது. இத்தனையையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்த துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை, அதே ஜனவரியில்தான் இறந்தார்.

வீரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் குறைந்தவர்கள் அல்ல. குறைந்தது பணமும் கப்பலும். லாலியின் சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி. ஆங்கிலேயர்களுக்கோ வங்காளத்திலிருந்து பணமும், கடல் வழியே ஆட்களும் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது விறகு எங்கே எரிந்தது என்று இப்போது தெரியும்.

1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை. அதன் 11-வது பிரிவில் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் முகமது அலி, தக்காணத்தின் சுபேதார் சலாபத் ஜங் என்று இரு நாடுகளும் அங்கே ஏற்றுக்கொண்டன. ஆற்காட்டு நாற்காலி யாருக்கு என்பதை பாரிஸில் எழுதி முடித்தார்கள். சலாபத் ஜங்கை அவருடைய தம்பி 1762-லேயே பதவியிலிருந்து இறக்கிவிட்டார் என்பதுகூட எழுதியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கப்பல் தபாலுக்கு ஆறு மாதம் ஆன காலம்!

ஒரே பார்வையில்

• 1740 – ஆஸ்திரிய வாரிசுச் சண்டை தொடக்கம்
• 1746 – சென்னை பிரெஞ்சு வசம்; அடையாறு போர்
• 1748 – சென்னைக்கு லூயிஸ்பர்க் பண்டமாற்று
• 1755 – திண்டுக்கல்லில் ஹைதர். நத்தம் கணவாய்த் தாக்குதல்
• 1756 – ஏழாண்டுப் போர் தொடக்கம்
• 1760 – வந்தவாசி
• 1763 – பாரிஸ் உடன்படிக்கை
• 1792 – திண்டுக்கல் ஆங்கிலேயர் வசம்

போர் முடிந்தது, கணக்கு முடிந்ததா?

இல்லை. கடனை அடைக்க பிரிட்டன் அமெரிக்கக் குடியேற்றங்கள்மீது வரி போட்டது. அதை எதிர்த்து அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. பழிதீர்க்கக் காத்திருந்த பிரான்ஸ் 1778-ல் அமெரிக்கர்கள் பக்கம் இறங்கியது. உடனே ஆங்கிலேயர்கள் இங்கே புதுச்சேரியையும், பிறகு மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே வழியாகத்தான் ஹைதருக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. 1780-ல் அவர் கர்நாடகத்துக்குள் படையோடு இறங்கினார். 1783-ல் கடலூரில் உச்சக்கட்டச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயே துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். திப்பு தனித்து விடப்பட்டார்.

இதற்கிடையில் நசுங்கியவர்கள் பலர். கம்பெனிக்காகவே பல ஆண்டுகள் போரிட்ட யூசுப் கான், நவாபோடும் கம்பெனியோடும் முறித்துக்கொண்டு எதிர்த்தார். 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார், நவாப் – கம்பெனிப் படைக்கு எட்டாத தூரத்தில் விருப்பாச்சியில் தங்கி, ஹைதரின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார். திண்டுக்கல் கோட்டையோ கைமாறிக் கைமாறி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நிரந்தரமாகக் கம்பெனியிடம் போனது. நாச்சியாருக்கு இடம் கொடுத்த விருப்பாச்சி கோபால நாயக்கர், பாளையக்காரர்களைத் திரட்டி எதிர்த்ததற்காக 1801-ல் தூக்கிலிடப்பட்டார்.

பிரான்ஸின் கதையும் இதே கடனில்தான் போய் முடிந்தது. அமெரிக்கப் போருக்கு வாங்கிய கடன் அரசின் கஜானாவைக் காலி செய்தது. 1789-ல் புரட்சி வெடிக்க அதுவும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் புரட்சியிலிருந்து நெப்போலியன் வந்தார். அவர் 1798-ல் எகிப்தில் இறங்கியதைக் காட்டித்தான், பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்துவிடுவார் என்று சொல்லி, வெல்லெஸ்லி 1799-ல் திப்புவின் மீது படையெடுத்தார்.

மரியா தெரசா யார் என்று நத்தம் பக்கத்தில் அன்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு போருக்கு வாங்கிய கடன் அடுத்த போருக்கு விறகானபோது, அந்தக் கடனுக்கான வட்டியில் ஒரு பங்கை அவர்கள் வீட்டு நெல்லாகவும் கோயில் சிலையாகவும் கேட்டு ஒரு படை வந்து நின்றது என்பது மட்டும் தெரிந்திருக்கும்.